பசைக்கோடு

பிர்ச் மரத்தை உரித்த ஏடுகள்
ஒன்றன்மேல் ஒன்று, குறுக்கும் நெடுக்குமாக.
அடுத்தடுத்த இரண்டின் ரேகை
ஒரே திசையில் ஓடக்கூடாது
என்பது ஒட்டுப்பலகையின் முதல் விதி.
ஓடினால் ஓர் ஆணிக்கே பிளந்துவிடும்.

வுவோக்கோவுக்கு ஆலையில் உடைக்கிற வேலை.
துண்டுகளைக் கொதிநீரில் போடுவாள்,
எடுத்து ஆறவைப்பாள்,
இடுக்கியில் மாட்டி இழுப்பாள்.
பசை விட்டுப் பிரிந்தால் தோல்வி.
பசை விடாமல் மரம் கிழிந்தால் தேர்ச்சி.
கிழிந்த பரப்பில் எவ்வளவு நார், எவ்வளவு வழவழப்பு
என்று பார்த்து ஒரு சதவீதம் எழுதுவாள்.
இருபத்தாறு வருடமாக அந்தக் கண்.

ஃபின்லாந்துக்காரர்கள் சொற்களையும் இப்படித்தான் அழுத்துகிறார்கள்.
மண் என்ற சொல்லோடு காற்று என்ற சொல்:
உலகம்.
நடுவில் எதுவும் இல்லை.
தட்டிப் பார்த்தால் இரண்டு ஏடும் கேட்கும்.
ஆனால் முதல் சொல் முடிகிற உயிரெழுத்திலேயே
அடுத்த சொல்லும் தொடங்கிவிட்டால்
சும்மா சேர விடமாட்டார்கள்,
ஒரு சிறுகோடு போட்டாக வேண்டும்.
மாலைக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு கோடு.
தினமும் அவள் ஏறும் பேருந்துக்கு நடுவே ஒரு கோடு.
நம்மிடம் மாவுக்கும் இலைக்கும் நடுவில்
கேளாமலே ஒரு வகரம் வந்து நிற்கும்.
அதற்கு உடம்படுமெய் என்று பெயர் வைத்தவர்
பஞ்சாயத்து பார்த்துப் பழகியவராக இருந்திருப்பார்.

வுவோக்கோவும் தைஸ்தோவும் ஒரே உயிரெழுத்து.
இருவரும் பேசமாட்டார்கள்,
இருவருக்கும் ஜன்னலோரம் வேண்டும்,
கோபம் வந்தால் இருவருமே விறகு அடுக்குவார்கள்.
அவர்களுக்கு நடுவே சோபாவில்
நீளவாக்கில் கிடந்தது நாப்பி.
குட்டைக் கால், நீள முதுகு,
அச்சு அசல் சிறுகோடு.
மார்ச்சில் அது செத்தது.
ஏரியில் பனி உடைந்த வாரம்
தைஸ்தோ மிக்கேலிக்குப் போனான்,
அக்கா ரவ்னியின் வீட்டுக்கு,
விறகுக் கொட்டகை நிரம்பியிருந்தது.

பையில் மடித்த படிவத்தில் அவள் பெயர் இன்னும்
இரண்டு குடும்பப்பெயர், நடுவில் கோடு.
பழைய பெயருக்குத் திரும்ப விருப்பமா?
ஆம் ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம்.

வாய்விட்டு அவர்கள் சண்டை போட்டது
ஒரே ஒரு விஷயத்துக்கு: டிராகன்.
அந்த ஊரில் அதற்குப் பெயர் சால்மன்பாம்பு.
மீனுக்கு அங்கே என்ன வேலை என்பாள் இவள்.
பறக்கிற பாம்பு என்றுதான் ஸ்வீடன்காரன் சொன்னான்,
நம் ஆட்கள் காதில் மீன் விழுந்தது என்பான் அவன்.
அவர்களே அப்படிச் சேர்ந்தவர்கள்தான்.
படகுத்துறை நடனத்தில், அக்கார்டியன் சத்தத்தில்,
அவன் கேட்டது மணி என்ன என்று.
அவள் எழுந்து கையை நீட்டினாள்.
தப்பாகக் கேட்டதுதான்.
ஆனாலும் அந்த மீனை இனி
பாம்பிலிருந்து யார் உருவ முடியும்?

இன்று மூன்றாவது துண்டு
டப்பென்று போனது.
விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள்.
முழுக்க நார்.
பசைக்கோடு கறுப்பாக, மயிரிழைகூட நகராமல்.
நூறு என்று எழுதினாள்.
மரத்துக்கு என்ன ஆயிற்று என்று எழுத
அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

கைபேசி அதிர்ந்தது. தைஸ்தோ.
குறுக்கெழுத்து, பத்து எழுத்து, நெருப்பு கக்கும்.
அவனுக்குத் தெரியாத விடையா?
கையுறையைக் கழற்றினாள்.
அவர்கள் எழுத்தில் முதல் நான்கை மட்டும் அனுப்பினாள்:
லோஹி.

சால்மன்.
மிச்ச ஆறு அவன் பக்கம்.